தழும்பு எந்தப் பக்கம்?

புதுசா வேலைக்குச் சேந்திருக்கிற டாக்டர் கண்ணுகளா, போன செவ்வாக்கெழமை என்ற பிரஷர் மாத்திரைக்காக நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ, உங்க ரூமுக்கு வெளிய பெஞ்சுல அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். ஒட்டுக்கேக்கலைங்க. நீங்க போட்ட சத்தத்துக்கு ஒட்டுக்கேக்க வேண்டிய அவசியமே இல்ல. "இந்தப் போர்ட்டலைக் கண்டுபிடிச்சவன் மட்டும் கையில கெடைச்சான்னா!"ன்னு ஒருத்தர் கத்தறார். "நான் டாக்டருக்குப் படிச்சேனா, டைப் அடிக்கப் படிச்சேனா?"ன்னு ஒரு பொண்ணு பொரியறா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி! டாக்டரா இருந்த நான் ரிட்டையர் ஆகி ஊட்டுக்குப் போனாலும், என்ற வசவெல்லாம் இங்கயே டியூட்டி பாத்துட்டு இருக்குதே!

ஆனா நடுவுல ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு. "அந்தக் கட்டத்துல எதையாச்சும் போட்டு விடுப்பா, யாரு பாக்கப் போறாங்க?" சிரிச்சுட்டு இருந்தவ அதோட கப்புனு அடங்கிப் போனேன். ஏன்னா இதே ஆஸ்பத்திரியில, அதே நாக்காலியில உக்காந்து நானும் அதையேதான் சொன்னேன். அன்னைக்கு ஒரு பொண்ணு செத்திருப்பா. அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லிப்போடறேன், அப்புறம் நீங்க போர்ட்டலை எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கோங்க.

அப்ப நம்ம ஆஸ்பத்திரி சின்னது. திருப்பூர்ப் பக்கம் நெருப்பெரிச்சல்ங்கற ஊர்ல, சுத்தி பனியன் கம்பெனிக, நடுவுல பன்னெண்டு கட்டில். ஆபரேஷன் தியேட்டர் கெடையாது. காய்ச்சல், வாந்தி, விரல்ல தையல் ஊசி ஏறினது, இதெல்லாம் நாம பாப்போம். பெரிசா எது வந்தாலும் டவுனுக்கு அனுப்பிருவோம். காப்பீட்டு அட்டை வெச்சிருக்கிற தொழிலாளிகளை வெறும் சீட்டெழுதி அனுப்பக் கூடாது, கம்ப்யூட்டர்ல இந்தப் போர்ட்டல் வழியாத்தான் ரெஃபரல் போடணும்னு உத்தரவு வந்து அப்ப ஆறேழு மாசம் இருக்கும். அட்டை நம்பரைப் போட்டா போனுக்கு ஓடிபி வரும். அதைப் போட்டா போட்டோ வரும், முன்னால பாத்த வைத்தியமெல்லாம் வரிசையா வரும். அப்புறம் பட்டியல்ல இருந்து நோயைத் தேர்ந்தெடுத்தா ஒரு நம்பர் குடுக்கும். அந்த நம்பர் இல்லாம போனா, அட்டை இருந்தும் அட்டைக்காரங்க இல்ல. இதுல பத்து நிமிஷம் நீங்க கையை எடுத்தீங்கன்னா வெளிய தள்ளிக் கதவைச் சாத்திக்கும், மறுபடியும் ஓடிபியில இருந்து ஆரம்பிக்கணும். நான் நோயாளியை ஒரு கண்ணாலயும் அந்தப் பத்து நிமிஷத்தை ஒரு கண்ணாலயும் பாத்துப் பழகிட்டேன். எது நல்ல கண்ணுன்னு சொல்ல வேண்டியதில்ல.

மல்லிகாவை உங்களுக்குத் தெரியும். காப்பீட்டு மேசையில, கண்ணாடியை மூக்கு நுனியில வெச்சுட்டு உக்காந்திருக்கிறாளே, அவதான். இங்க வர்றதுக்கு முன்னால அவ பனியன் கம்பெனியில பதினோரு வருஷம் செக்கிங்ல இருந்தவ. தைச்சு வர்ற பீஸைக் கையில எடுத்ததும் உள்பக்கத்தை வெளிய திருப்பி, தையல் பாத்து, ஓட்டை பாத்து, கறை பாத்து, எல்லாம் முடிச்சுத்தான் கடைசியா லேபிளைப் பாக்கறது அவ பழக்கம். இங்க வந்தும் அதே கூத்துதான். ஃபாரத்துல 'எடை'ன்னு ஒரு கட்டம் இருந்துட்டா, நோயாளியை மிஷின்ல ஏத்தி எறக்காம நம்பர் போட மாட்டா. "ஏம் மல்லிகா, கண்ணால பாத்தாலே ஐம்பது கிலோன்னு தெரியலியா?"ன்னு கத்துவேன். "தெரியுதுங்க டாக்டர், இருந்தாலும் பாத்துப்போட்டு வந்தர்றேனுங்க"ன்னு போயிருவா. எனக்கும் அவளுக்கும் தினம் ஒரு சண்டை கட்டாயம் உண்டு.

அன்னைக்குத் திங்கக்கெழமை. திங்கக்கெழமைன்னா தெரியுமே, ஞாயித்துக்கெழமை படுத்துச் சமாளிச்ச நோயெல்லாம் காலையில வரிசையில நிக்கும். ஒன்பதரை மணிக்கு ஒரு பொண்ணை ஸ்கூட்டியில கொண்டாந்து எறக்கிவிட்டு, கூட வேல பாக்கறவ பெர்மிஷன் முடியுதுன்னு ஓடிப் போயிட்டா. இந்தப் பொண்ணு வயித்தைப் பிடிச்சுட்டு, ஒடம்பை மடக்கிட்டு, சுவத்தோரமாவே நடந்து வந்தா. தெக்கத்திப் பேச்சு, தூத்துக்குடிப் பக்கம்.

"ராத்திரி பூரா வலிக்கி டாக்டர். நாலு வாட்டி வாந்தி எடுத்துட்டேன். ஊசி மட்டும் போட்டு விடுங்க, மத்தியான ஷிஃப்டுக்குப் போயிருதேன்."

அட்டை குடுத்தா. பேரு எஸ்தர், வயசு இருபத்தாறு. அவ கையில இருந்த போனுக்கே ஓடிபி வந்துச்சு. போட்டோ வந்துச்சு, அதே நெத்தி, அதே மூக்கு. நான் இடது கையால அவ சுடிதாருக்கு மேலயே வயித்தை அழுத்தினேன், வலது கை மவுஸ்ல. வலது பக்கம் அடிவயித்துல கை பட்டதும் ஐயோன்னு துள்ளிட்டா. காய்ச்சலும் இருந்துச்சு. படிக்கிற பசங்களைக் கேட்டாக் கூடச் சொல்லிருவாங்க, அப்பெண்டிக்ஸ்னு. நானும் பட்டியல்ல அதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

செவப்பு எழுத்து வந்துச்சு. 'இந்தச் சிகிச்சை இந்தப் பயனாளிக்கு ஏற்கெனவே அளிக்கப்பட்டுள்ளது.'

கீழ பாத்தா, மூணு வருஷத்துக்கு முன்னால தெக்க ஒரு ஆஸ்பத்திரியில அப்பெண்டிக்ஸ் எடுத்தாச்சுன்னு பதிவு இருக்குது. "ஏம்மா, உனக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கா?"ன்னேன். அவ ஒரு நொடி என்னைப் பாத்தா, போனைப் பாத்தா. "ஆமா டாக்டர்."

அந்த ஒரு நொடியை நான் விட்டுப்போட்டேன் கண்ணுகளா. என்ற கை சொன்னதை அந்தச் செவப்பு எழுத்து அழிச்சுப்போட்டுது. இல்லாத குடல்வால் எப்படி வீங்கும்? அப்ப சிறுநீர்க் குழாயில கல்லா இருக்கும்னு நெனைச்சேன். வேற பட்டியல் எடுத்தேன், போர்ட்டல் சந்தோஷமா பச்சை காட்டுச்சு. அதைப் பாத்து எனக்கும் சந்தோஷம்! பத்து நிமிஷத்துக்குள்ள முடிச்சுப்போட்டேனே! வலிக்கு ஊசி, கையில ட்ரிப், சிறுநீர் பரிசோதனை, மத்தியானம் ஸ்கேன் டாக்டர் வந்தாப் பாத்துக்கலாம். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பன்னெண்டே கால் இருக்கும். நர்ஸ் வந்து, "அந்தப் பொண்ணுக்கு வலி சுத்தமாப் போயிருச்சுங்க, ஊட்டுக்குப் போறேங்குது"ன்னா. நான் போய் எட்டிப் பாத்தேன். அசையாம மல்லாந்து படுத்திருந்தா, மூஞ்சி வெளிறியிருந்தாலும் சிரிச்சா. "இப்ப ஒண்ணுமில்ல டாக்டர், போயிருதேன்." எனக்குப் பெருமை தாங்கல. ஊசியில வலி போச்சு, கல்லு எறங்கியிருக்கும். "மல்லிகா, டிஸ்சார்ஜ் போட்டிரு"ன்னு சொல்லிட்டு என்ற ரூமுக்கு வந்து டீ வாங்கிட்டு வரச் சொன்னேன்.

டீ வரலை, மல்லிகா வந்தா.

"ஏனுங்க டாக்டர், முந்தின ஆபரேஷன் தழும்பு எந்தப் பக்கம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. அதை நிரப்பாம க்ளெய்ம் மூடமாட்டேங்குது."

"அப்பெண்டிக்ஸ் தழும்பு எங்க மல்லிகா இருக்கும்? நெத்தியிலயா? வலதுன்னு போடு."

"பாக்காம எப்படிங்க போடறது?"

"எதையாச்சும் போட்டு விடு, யாரு பாக்கப் போறாங்க!"

சொல்லிட்டேன். அவ கண்ணாடியை மேல தள்ளிட்டுப் போயிட்டா. ரெண்டு நிமிஷத்துல திரும்பி வந்தா, இந்தத் தடவை ஓடி வந்தா. மல்லிகா ஓடி நான் அதுக்கு முன்னால பாத்ததே இல்ல.

"டாக்டர், அந்தப் பொண்ணு வயித்துல தழும்பே இல்லீங்க. வலதுலயும் இல்ல, இடதுலயும் இல்ல, தொப்புள்கிட்டக் கூட இல்ல. இல்லைன்னு போடலாம்னா அதுக்குக் கட்டமே இல்லீங்க!"

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. "நீ க்ளெய்மைப் பாரு, வயித்தை நான் பாக்கறேன்!"

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். நீங்க பாருங்க."

இதைவிட ஒருத்தரைக் கன்னத்துல அறையறதுக்கு வேற வழி இருக்கா? அவ அடிக்கணும்னு சொல்லலை, மரியாதையாத்தான் சொன்னா. நான் எந்திரிச்சு ஓடினேன். திரையை இழுத்துவிட்டு, அந்தப் பொண்ணோட துணியை விலக்கி, அன்னைக்கு முதல் தடவையா அவ வயித்தைப் பாத்தேன். கத்தி படாத வயிறு. கையை வெச்சா பலகையாட்டம் இருக்குது, மூச்சு விட்டாக் கூட அசையல. வலி போகலைங்க, உள்ள வெடிச்சுருச்சு. வெடிச்ச ஒடனே கொஞ்ச நேரம் நோவு விட்ட மாதிரி இருக்கும், மிச்சத்தை நான் போட்ட ஊசி மறைச்சுருச்சு. அந்த நேரத்துல ஊட்டுக்கு அனுப்பினா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

"யாரு நீ?"ன்னு கத்தறதுக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. நல்ல வேளை, அவ கண்ணைப் பாத்தேன். என்னைவிட பயந்துட்டு இருந்தா. நர்ஸையும் மல்லிகாவையும் திரைக்கு வெளிய நிக்கச் சொன்னேன். குனிஞ்சு, மெதுவா, "உன்ற பேரு எனக்கு வேண்டாம் சாமி. அட்டை யாருதுன்னும் கேக்க மாட்டேன். உன்ற வயித்துல எப்பவாச்சும் கத்தி பட்டிருக்கா இல்லையா? அது ஒண்ணை மட்டும் சொல்லு"ன்னேன்.

"படல டாக்டர். அது எங்கக்காவுக்கு."

அப்புறம் ஒரே அழுகை. அக்கா எஸ்தர் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கா. கம்பெனித் தையல் லைன்ல அவ இடம் போயிரும், சர்வீஸ் அறுந்துரும்னு, தங்கச்சியைத் தன்னோட அட்டையையும் போனையும் குடுத்து அனுப்பியிருக்கா. இங்க பல ஊட்டுல நடக்கறதுதான். அக்கா போனா தங்கச்சி, மாமன் போனா மச்சான், ஆளு மாறுவாங்க, பேரு மாறாது. மிஷின்ல உக்காந்தா யாரு தைச்சாலும் பனியன் பனியன்தான். அக்கா வயித்துல பண்ணின ஆபரேஷனும் அட்டையோடயே கூட வரும்னு அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

வேகம்னா அப்ப வந்துச்சு பாருங்க! ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. டவுன் அரசு ஆஸ்பத்திரி சர்ஜனுக்கு நானே போன் போட்டேன், அங்க அவசரத்துக்கு அட்டை கேக்க மாட்டாங்க. நர்ஸ் ரெண்டாவது ட்ரிப் மாட்டறா, மல்லிகா பொண்ணோட செருப்பைத் தேடறா, நான் காகிதத்தை எடுத்துக் கையால லெட்டர் எழுதறேன். ஆறேழு மாசம் கழிச்சுப் பேனா பிடிக்கிறேன், கை என்னமா ஓடுது! முதல் வரியில 'பெயர்'னு எழுதி நிமிந்தேன்.

"அக்கா பேரையே எழுதுங்க டாக்டர். எம் பேரு தெரிஞ்சா அக்காவ வேலைய விட்டுத் தூக்கிருவாக. அவளுக்கு இந்த வாரந்தான் நாள் குறிச்சிருக்கு. உங்க கால்ல விழுதேன்."

உயிரு போயிட்டு இருக்குது, அக்கா வேலைக்கு அழுவுது அந்தப் பொண்ணு. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. ஆனா அழுகறதுக்கு நேரமில்ல.

"கண்ணு, நல்லாக் கேளு. இந்த நிமிஷம் அங்க உங்கக்கா வலி எடுத்து ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறான்னு வெச்சுக்கோ. கம்ப்யூட்டரைத் தட்டினா, எஸ்தர் திருப்பூர்ல ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கான்னு வரும். அப்ப அவளுக்கும் உனக்கு வந்த மாதிரி செவப்பு எழுத்துதான் வரும். அதை நான் அவளுக்குப் பண்ணட்டுமா?"

அவ அழுகையை நிறுத்தினா. "ரூபி"ன்னா. "ரூபின்னு எழுதுங்க. வயசு இருவது."

எழுதினேன். நானும் ஆம்புலன்ஸ்ல ஏறிட்டேன். ஒரு மணி லஞ்ச் பெல் அடிக்கிற நேரம், கம்பெனி கேட்டுகள்ல இருந்து ரோட்டுக்கு ஜனம் கொட்டுது, துணி மூட்டை ஏத்தின டெம்போ ஒண்ணு குறுக்க நிக்குது. டிரைவர் தலையை வெளிய நீட்டி, தமிழ்ல கத்தி, இந்தியில கத்தி, ஓரமா ஏறி எறங்கி ஓட்டினார். நான் ரூபியோட கையை விடலை. நாடி ஓடற ஓட்டத்தை எண்ணிட்டே, தெரிஞ்ச சாமி அத்தனையும் கூப்பிட்டேன். அவ இயேசப்பாவைக் கூப்பிட்டுட்டு இருந்தா. யாரு காதுல விழுந்தாலும் சரின்னு போயிட்டோம்.

அங்க வாசல்ல ஒரு சின்ன டாக்டர், உங்க வயசுதான், பழக்க தோஷத்துல, "மேடம், ஈ-ரெஃபரல் நம்பர்?"னார்.

"நம்பர் வர்றப்ப வரும் தம்பி, பொண்ணு வந்துட்டா!"

சர்ஜன் வயித்துல ஒரே ஒரு தடவை கை வெச்சார். ஒடனே தியேட்டருக்குத் தள்ளச் சொன்னார். நான் வெளிய பிளாஸ்டிக் நாக்காலியில உக்காந்து, ரூபியோட பையில இருந்த அக்கா போனை மடியில வெச்சுட்டு இருந்தேன். மூணு மணிக்குள்ள அது மணி அடிச்சுச்சு. ஊர்ல இருந்து அவங்கம்மா. எஸ்தருக்கு வலி எடுத்துருச்சு, ஆஸ்பத்திரியில அட்டை நம்பர் போட்டா ஓடிபி இந்தப் போனுக்குத்தான் வருமாம், பாத்துச் சொல்லணுமாம்! நான் எந்திரிச்சு நின்னுட்டேன். ரெண்டு நிமிஷத்துல ஆறு நம்பர் வந்துச்சு, ஒண்ணொண்ணா, ரெண்டு தடவை சொன்னேன். அங்க பச்சை விழுந்துருச்சுன்னு அந்தம்மா சொன்னப்போ, காலையில நம்ம ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்ல எஸ்தர் பேருல நான் போட்ட கல்லு வைத்தியத்தை, கெளம்பறப்பவே மல்லிகா நிறுத்தி வெச்சிருந்தான்னு ஞாபகம் வந்துச்சு. "நீங்க போங்க டாக்டர், இதை நான் பாத்துக்கறேனுங்க"ன்னு அவ சொன்னது அதைத்தான்.

சர்ஜன் வெளிய வந்தார். முகமூடியை எறக்கி, "வெடிச்சுத்தான் இருந்துச்சு. கழுவி விட்டிருக்கோம், பொழைச்சுக்குவா. சாயங்காலம் வந்திருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது"ன்னார். நான் அந்த மனுசன் கையைப் பிடிச்சுட்டு அழுதுட்டேன். எனக்கு வெக்கமே இல்ல அதைச் சொல்ல.

மறுநா நம்ம மேனேஜர் எனக்கு ஒரு வழி சொன்னார். முந்தின நா எஸ்தர் பேருல போட்ட பதிவை ரத்து பண்றப்போ, காரணம் எழுதற கட்டத்துல 'தட்டச்சுப் பிழை'ன்னு போட்டுட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்களாம். ஒரு நாலு நாள் முன்னால சொல்லியிருந்தா நான் சந்தோஷமாப் போட்டிருப்பேன். அன்னைக்கு முடியலை. 'வேறொருவருடைய அட்டையில் வந்த நோயாளியின் வயிற்றை நான் பார்க்கவில்லை. பழைய பதிவை நம்பினேன். பிழை என்னுடையது'ன்னு எழுதினேன். மேனேஜர் ஒரு வாரம் எங்கிட்டப் பேசலை.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். மரியாதையான மனுசன்.

"அட்டையைப் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேனுங்க."

"போட்டோ?"

"பாத்தேன்."

"ஓடிபி வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம் எதைத்தான் பாக்கலைங்கறீங்க?"

"வயித்தை."

அவர் பேனாவைக் கீழ வெச்சுட்டார். "அதுக்கு எங்க ஃபாரத்துல கட்டம் இல்லீங்களே மேடம்."

"இருக்குதுங்க. தழும்பு எந்தப் பக்கம்னு கேக்குது. நான்தான் பாக்காம நிரப்பச் சொன்னேன்."

எனக்கு எழுத்துல ஒரு கண்டிப்பு வந்துச்சு, வாங்கி ஃபைல்ல வெச்சுக்கிட்டேன். கம்பெனியில எஸ்தருக்கும் திட்டு விழுந்துச்சு, பழைய சர்வீஸ் போகலை, ஆனா கொஞ்ச நாள் வேலைக்குச் சேத்துக்கலை. ரூபிக்கு அவ பேருலயே புது அட்டை போட்டுக் குடுத்தாங்க. எல்லாம் இனிப்பா முடிஞ்சுதுன்னு உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு பேரும் உசுரோட இருந்தாங்க, பொறந்த குழந்தையும் நல்லா இருந்துச்சு.

போர்ட்டல் நல்லதா கெட்டதான்னு எங்கிட்டக் கேக்காதீங்க. என்னை ஏமாத்தினதும் அதுதான், காப்பாத்தினதும் அதுல இருந்த ஒரு உருப்படாத கட்டந்தான். அந்தக் கட்டத்தைப் பத்து நிமிஷத்துல தாண்டிப் போறவ கையில அது வெறும் கட்டம். உள்பக்கத்தைத் திருப்பிப் பாத்துட்டுத்தான் லேபிளைப் பாப்பேன்னு அடம் பிடிக்கிறவ கையில அது ஒரு உசுரு. மல்லிகா எடை மிஷினைத் தள்ளிட்டு வந்தா, இனிமே தயவு பண்ணி நகந்து வழி விடுங்க.

ரிட்டையர் ஆகறதுக்கு ரெண்டு மாசம் முன்னால ரூபி வந்தா, சாதாரணக் காய்ச்சல். முன்னைக்கு இப்ப நல்லா தெளிஞ்சிருந்தா. மேசை மேல அட்டையை வெச்சா, அவ பேரு, அவ போட்டோ, அவ போன்லயே ஓடிபி. 'முன்பு அறுவை சிகிச்சை உண்டா?'ன்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு. நான் மவுஸை விட்டுட்டு நாக்காலியில இருந்து எந்திரிச்சேன்.

ரூபி சிரிச்சுட்டா. "ஸ்கிரீன்ல டைம் ஓடுதே டாக்டர்!"

"ஓடட்டும் கண்ணு. படு."

பாத்தேன். நல்லா ஆறியிருந்துச்சு. அதுக்குள்ள போர்ட்டல் எங்களை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திக்கிச்சு. திரைக்கு அந்தப் பக்கத்துல இருந்து மல்லிகா கொரல் கேட்டுச்சு.

"டாக்டர், தழும்பு எந்தப் பக்கமுங்க?"

"வலது. என்ற கண்ணால பாத்துட்டேன் மல்லிகா, போட்டுக்கோ."